உரிப்பொருளால் ஒரு வகைமை: திருகோணமலைக் கடலும் விஞ்ஞானப் புனைகதையின் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

விஞ்ஞானப் புனைகதைக்கு வரையறை தேடியவர்கள் பெரும்பாலும் அதன் பொருள்களையோ, அது நிகழும் காலத்தையோ, அதிலுள்ள விஞ்ஞானத்தின் சரிபிழையையோ அளவுகோலாகக் கொண்டனர். மூன்றும் எல்லையோரப் படைப்புகளிடம் தோற்கின்றன. தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்ற பாகுபாடும் மயக்கம் பற்றிய கருத்தும் இச்சிக்கலுக்குப் பொருத்தமான கருவி என இக்கட்டுரை வாதிடுகிறது. திருகோணமலைத் துறைமுகத்தையும் அதன் கடலையும் பற்றிய பனுவல்கள் சிலவும், அவற்றோடு தொடர்புடைய ஒரு நாவலும் இக்கருவியால் சோதிக்கப்படுகின்றன. வினாவுக்கு உட்படும் வியப்பே விஞ்ஞானப் புனைகதையின் உரிப்பொருள் என்பது இங்கு நிறுவப்படும் கருத்து.

1. வரையறை நழுவும் இடங்கள்

1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கிய ஹியூகோ கேர்ன்ஸ்பேக், தாம் வெளியிட விரும்பும் கதைக்கு மூன்று உறுப்புகளைச் சொன்னார்: சுவையான கதை, விஞ்ஞான உண்மை, வருவதை முன்னறியும் பார்வை. ஜூல்ஸ் வேர்ன், எச். ஜி. வெல்ஸ், எட்கர் அலன் போ ஆகியோரை முன்னோடிகளாகக் காட்டினார். இவ்வரையறை ஓர் இதழ் நடத்துவதற்குப் போதுமானது. ஆயினும் விஞ்ஞான உண்மை மாறிக்கொண்டே இருப்பது. செவ்வாயில் மனிதர் மூச்சுவிடக்கூடிய காற்று உண்டென்று எழுதப்பட்ட கதைகள், அது பிழையென்று தெரிந்த மறுநாளே வேறு வகைமைக்குப் போய்விடவில்லை.

1950களில் டேமன் நைட், நாம் எதைச் சுட்டி அப்பெயரால் அழைக்கிறோமோ அதுவே விஞ்ஞானப் புனைகதை என்ற கருத்தை முன்வைத்தார். சுட்டுகிறவர்களிடையே உடன்பாடு இருக்கும்வரை இதற்குக் குறையில்லை. உடன்பாடு குலையும் இடத்தில்தான் வரையறை தேவைப்படுகிறது. அங்கே இது மௌனமாகிவிடுகிறது.

1970களில் டார்கோ சூவின் முன்வைத்த வரையறையே இன்றுவரை விவாதத்தின் நடுவில் நிற்கிறது. பழகிய உலகத்தை அந்நியமாக்கிக் காட்டுவதும், அந்த அந்நியத்தை அறிவால் விளக்கக்கூடியதாக வைப்பதும் இவ்வகைமையின் இரு கூறுகள் என்றார் அவர். கதையுலகை நம் உலகிலிருந்து பிரிக்கும் புதுமைக்கு 'நோவம்' என்று பெயரிட்டார். தொன்மத்தையும் மாயக்கதையையும் கண்டிப்பாக வெளியே நிறுத்தினார். கார்ல் ஃபிரீட்மன் 2000இல் இதைத் திருத்தினார். கதையிலுள்ள விஞ்ஞானம் மெய்யா என்று நாம் சோதிப்பதைவிட, அந்த விளக்கத்தின்பால் கதை கொண்டிருக்கும் மனப்பாங்கைப் பார்க்க வேண்டும் என்றார். 2010இல் ஜோன் ரீடர் எதிர்த்திசையில் வாதிட்டார்: இவ்வகைமைக்கு மாறாத சாரம் எதுவுமில்லை, தோற்றப்புள்ளியுமில்லை, வெளியீட்டாளர், வாசகர், விமர்சகர் ஆகியோரின் பயன்பாட்டால் வரலாற்றில் உருவாகி மாறிவருவதே வகைமை.

சாரம் உண்டு என்போருக்கும் வழக்கமே எல்லாம் என்போருக்கும் இடையிலான இவ்விவாதத்துக்கு, வகைமை பற்றி நெடுங்காலம் சிந்தித்த தமிழ் மரபு ஒரு வழி காட்டக்கூடும்.

2. முதல், கரு, உரி

தொல்காப்பியர் அகத்திணைகளை வகுக்கும்போது நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்கள் உரிப்பொருள். திணைகள் மயங்குவதை அவர் தடுக்கவில்லை. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று இடங்கொடுத்தார். நூற்பாக்களை விளக்குவதில் உரையாசிரியர்கள் வேறுபட்டாலும் அடிப்படை தெளிவானது. மருதநிலப் பறவை நெய்தற் பாட்டில் வந்து அமர்ந்தாலும், அங்கே இரங்கல் நிகழுமாயின் பாட்டு நெய்தலே.

இதிலிருந்து இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. முதலாவது, எல்லை மங்குவதைக் குறையென்று கருத வேண்டியதில்லை. மயக்கம் இலக்கணத்துக்குள்ளேயே இடம்பெற்ற ஒன்று. இரண்டாவது, எதை வைத்து முடிவுசெய்வது என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. விண்கலமும் இயந்திர மனிதனும் கருப்பொருள். வேற்றுக்கோளும் கி.பி. 2500உம் முதற்பொருள். இவை எந்தக் கதைக்குள்ளும் வரலாம். எதிலிருந்தும் விலகி நிற்கலாம். வகைமையைத் தீர்மானிப்பது உரிப்பொருள்.

விஞ்ஞானப் புனைகதையின் உரிப்பொருள் எது? ஒரு கதையில் உலக வழக்குக்கு மாறான ஒன்று நிகழ்கிறது. அதை வியப்பு என்போம். அந்த வியப்புக்குக் கதையுலகினுள்ளேயே காரணம் உண்டா? அக்காரணம் ஆளைப் பார்க்காமல் எவருக்கும் ஒரேபடி தொழிற்படுமா? அது தன் விளைவுகளைப் பின்தொடர்ந்து சென்று விலை செலுத்துகிறதா? இம்மூன்று வினாக்களையும் கேட்கக் கதை இடங்கொடுத்து, அவற்றைக் கேட்பதையே தன் நடையாகவும் கொண்டால் அது விஞ்ஞானப் புனைகதை. வினாவுக்கு உட்படும் வியப்பு என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

3. ஒரு கடலைப் பற்றிய பனுவல்கள்

வரையறையின் வலிமை எல்லையோரத்தில்தான் தெரியும். அத்தகைய எல்லையோரம் திருகோணமலையில் கண்ணெதிரே இருக்கிறது. சுவாமி மலையின் அடியில் கடல் செங்குத்தாக ஆழமாகிறது. துறைமுக வாயிலுக்கு வெளியே சிறிது தூரத்திலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. கரையருகே இவ்வளவு ஆழம் இருப்பதால்தான் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றாக இது பெயர்பெற்றது. நீலத்திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் கரைக்கு அருகிலேயே உலாவுகின்றன. இந்த ஆழம் பல காலங்களில் பலரை எழுதத் தூண்டியிருக்கிறது.

முதலில் தலக்கதை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் கோயில் நிற்கும் இந்தச் சுவாமி மலையில் ஆழ்ந்த பிளவொன்று உண்டு. அது இராவணன் வெட்டு. தாய் வழிபடுவதற்காக மலையையே பெயர்த்துச் செல்ல முனைந்த இராவணனின் வாள்பட்ட இடம் என்பது ஐதிகம். நகருக்கு மேற்கே கன்னியாவில் வெந்நீர் ஊற்றுகள் ஏழு உள்ளன. அவையும் இராவணன் தன் தாயின் இறுதிக்கிரியைக்காக உண்டாக்கியவை எனப்படுகின்றன. இங்கே வியப்புக்குக் காரணம் சொல்லப்படாமல் இல்லை. ஆனால் அக்காரணம் ஓர் ஆளுக்கே உரியது. இராவணனின் வாளை இன்னொருவர் எடுத்து வீசினால் மலை பிளக்காது. நிலத்தடியில் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீண்டும் மேலெழும் நீர்தான் ஊற்று என்ற விளக்கமோ யார் தோண்டினாலும் பொருந்துவது. தலக்கதை நம்மிடம் வேண்டுவது வணக்கம். வினாவை அது எதிர்பார்ப்பதில்லை. ஆகவே எத்தனை பெரிய ஆற்றல்கள் அதில் வந்தாலும் அது விஞ்ஞானப் புனைகதையாகாது.

இதைச் சொல்வது தலக்கதையைத் தாழ்த்துவதாகாது. புட்பக விமானத்தை ஆகாயவிமானமாக்கி, புராணங்களை முற்கால விஞ்ஞானப் புனைகதைகள் எனக் கொண்டாடும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. விமானம் என்ற கருப்பொருளைக் கண்டதும் திணையை முடிவுசெய்யும் பிழை இது. புராணத்துக்கு அதன் உரிப்பொருளாகிய பத்தியை மறுத்து வேறொன்றின் மதிப்பை இரவல் வாங்கித் தருவதால் புராணமும் சிறுமைப்படுகிறது.

இரண்டாவது பனுவல் திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டை வாயிற்கல்லில் இருக்கிறது. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். இரட்டை மீன் பொறித்த அக்கல்லில் சிதைந்த தமிழ் வரிகள் எஞ்சியுள்ளன. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் அழிப்பர் என்பது அதன் பொருள். மக்களிடையே வழங்கும் விரிந்த வடிவம், அடுத்தடுத்து வரப்போகும் அந்நியரைக் கண்ணின் நிறத்தால் சுட்டிச் செல்கிறது. எதிர்காலத்தைப் பேசும் பனுவல் இது. கேர்ன்ஸ்பேக் கேட்ட முன்னறியும் பார்வை இதில் நிறையவே உண்டு. எதிர்காலம் என்ற முதற்பொருளே வகைமையை முடிவுசெய்யுமானால் இதற்கு நிகரான விஞ்ஞானப் புனைவு வேறில்லை. ஆயினும் வாசகர் எவரும் அவ்வாறு கொள்ளமாட்டார். ஏனெனில் தீர்க்கதரிசனம், வரப்போவதைச் சொல்கிறது. எப்படி வரும் என்பதைச் சொல்வதில்லை. எந்தக் கப்பல், எந்த வணிகப் போட்டி, எந்தத் துப்பாக்கி என்ற கேள்விகள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. காலத்தை அளவுகோலாக்கும் வரையறை இங்கே விழுகிறது.

மூன்றாவது, ஒரு பயணநூல். 1956இல் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க், தோழர் மைக் வில்சனோடு சுவாமி மலையடியில் சுழியோடினார். அலைகளுக்கு அடியில் செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார். அந்த அனுபவங்கள் 1957இல் வெளிவந்த 'தி ரீஃப்ஸ் ஒஃப் டாப்ரோபேன்' நூலில் உள்ளன. மூழ்கிய கோயில், அந்நிய ஆழம், முகமூடியணிந்த மனிதன் எனச் சாகசக் கதையின் கருப்பொருள்கள் எல்லாம் இதில் நிறைந்திருக்கின்றன. அந்நியமாதலும் அறிவார்ந்த விளக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. சூவின் கேட்கும் இரு கூறுகளும் இவ்வாறு ஒரு மெய்ந்நூலிலேயே அமைந்துவிடுகின்றன. இல்லாதது ஒன்றுதான்: புனைந்த வியப்பு. நடந்த ஒன்றின் வியப்பை எத்தனை நுணுக்கமாக வினவினாலும் அது ஆய்வாகவோ பயண இலக்கியமாகவோ நிற்கும்.

நான்காவது பனுவலில் அதே ஆழம் புனைவாகிறது. கிளார்க் 1964இல் வெளியிட்ட 'தி ஷைனிங் வன்ஸ்' என்ற சிறுகதையின் களம் திருகோணமலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடல். மேல்நீரின் வெம்மைக்கும் ஆழநீரின் குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தைச் சோவியத் பொறியியலாளர்கள் அங்கே அமைக்கின்றனர். கடலடியிலுள்ள அமைப்பு சேதமுற, அதைச் செப்பனிடச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஒருவர் சிறு மூழ்கியொன்றில் இறங்குகிறார். அங்கே ஒளிரும் பெருங்கணவாய்களைக் காண்கிறார். அவை உடலின் ஒளிக்கோலங்களை மாற்றி மாற்றி ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன என்பது அவருக்கு மெல்லப் புலனாகிறது.

கதையில் இரு புதுமைகள் உள்ளன. மின்நிலையம் கருத்தளவில் பழையது. 1881இல் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் முன்மொழிந்தது. 1930இல் ஜோர்ஜ் குளோட் கியூபாவில் சோதித்துப் பார்த்தது. அயனமண்டலக் கடலில் மேல்நீர் 27 பாகை செல்சியசை ஒட்டியிருக்க, ஆயிரம் மீற்றர் ஆழத்தில் 5 பாகையளவே இருக்கும். ஆழம் கரைக்கு அருகே இருந்தால் குளிர்நீரைக் கொண்டுவரும் குழாயின் நீளம் குறையும். திருகோணமலையின் நில அமைப்பு இக்கதைக்குள் அலங்காரமாக வரவில்லை. காரணச் சங்கிலியின் முதற்கண்ணியாகவே வருகிறது. இரண்டாவது புதுமை கணவாய்களின் அறிவு. ஒளியுறுப்புகளும் நிறம் மாறும் தோலும் கணவாய் இனங்களில் மெய்யாகவே உண்டு. அதிலிருந்து ஒரு மொழி வளர்ந்திருந்தால் என்னவாகும் என்பதே கதையின் வினா. கடல்மிருகத்தின் அச்சம் பழைய மாலுமிக் கதைகளின் கருப்பொருள். அது இங்கே தாராளமாக மயங்கியிருக்கிறது. ஆயினும் கதை அச்சத்தில் தங்கிவிடாமல் கவனிக்கிறது, ஊகிக்கிறது, ஊகத்தைச் சோதிக்கிறது. வினாவுக்கு உட்படும் வியப்பு என்பது இதுவே.

ஐந்தாவதாகக் கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்' நாவலை (1979) எடுத்துக்கொள்ளலாம். இதன் களம் திருகோணமலைக்குத் தெற்கே, மலைநாட்டில். ஆனால் வாயிற்கல் எழுப்பிய சிக்கலுக்கு விடை இங்கே இருக்கிறது. பூமியிலிருந்து 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சுற்றுப்பாதைக்கு மின்தூக்கியொன்று கட்டப்படுகிறது. அதன் அடி அமையவேண்டிய புனித மலையின் உச்சியில் ஒரு மடம் இருக்கிறது. பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டும் நாளில் மடம் அகலும் என்பது பழைய வாக்கு. நாவலில் அவை எட்டுகின்றன. வானிலையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டிலிருந்து பிறந்த செயற்கைக் காற்று அவற்றை உச்சிக்குத் தள்ளிச் செல்கிறது. துறவிகள் மலையை விட்டுப் போகின்றனர். வாயிற்கல்லிலும் நாவலிலும் வருவது ஒரே கருப்பொருள், தீர்க்கதரிசனம். கல்லில் அது தானே காரணம். நாவலில் அதற்கொரு காற்று தேவைப்படுகிறது. அக்காற்றை உண்டாக்கிய கைகள் தெரிகின்றன. மதநம்பிக்கை உள்ளே வந்ததால் வகைமை கலையவில்லை, உரிப்பொருள் அப்படியே இருந்தது.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. இத்தகைய தூக்கியின் அடி நிலநடுக்கோட்டில் அமைய வேண்டும். நாவலின் புனித மலைக்கு முன்மாதிரியான சிவனொளிபாத மலையோ ஏறத்தாழ 7 பாகை வடக்கே உள்ளது. ஆகவே கிளார்க் இலங்கையை ஒத்த தம் கற்பனைத் தீவைத் தெற்கே நகர்த்தி நடுக்கோட்டின்மேல் வைத்தார். கதையின் தர்க்கம் கேட்டதற்காக நிலமே இடம்பெயர்ந்தது. உரிப்பொருள் முதற்பொருளை ஆளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வகைமையில் அரிது.

4. அயல் வகைமை

திருகோணமலைக்குத் தமிழ் நாவல் வரலாற்றில் தனியிடம் உண்டு. இங்கே பிறந்து சென்னையில் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படுகிறது. நாயக்கர் காலத்தை அது களமாகக் கொண்டது. அதே 1895இல்தான் வெல்சின் 'தி டைம் மெஷின்' வெளிவந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. இருந்தும் இவ்விரு வகைமைகளும் ஒரே அறிவுச்சூழலின் பிள்ளைகள் என்பதை இந்த ஒப்புமை நினைவூட்டுகிறது. சமூகம் காரணங்களால் மாறுகிறது, நேற்று இன்றுபோல் இருந்ததில்லை, நாளையும் இன்றுபோல் இராது என்ற உணர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. அவ்வுணர்வு பின்னோக்கும்போது வரலாற்று நாவலும் முன்னோக்கும்போது விஞ்ஞானப் புனைகதையும் பிறக்கின்றன. வேறுபாடு இதுதான்: வரலாற்று நாவல் சான்றுகளுக்குக் கட்டுப்பட்டது, விஞ்ஞானப் புனைகதை தான் நாட்டிய வியப்புக்குக் கட்டுப்பட்டது.

க. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நூலில் இலக்கிய வடிவத்தைச் சமூக நிலைமையோடு பொருத்தி ஆராயும் நெறியை வலியுறுத்தினார். அந்நெறியை விஞ்ஞானப் புனைகதைக்கு விரித்துப் பார்க்கும் பணி நம் விமர்சனத்தில் இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை. பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கிவிடுவது எளிதாக இருந்ததே காரணம்.

5. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு ரீடர் வழியில் எழும்: உரிப்பொருள் என்பதே மறைமுகமாக ஒரு சாரத்தைக் கொண்டுவருவதாகாதா? தொல்காப்பியத்தில் திணை இயற்கையாக விளைந்த ஒன்றாகக் கூறப்படவில்லை. உலகியல் வழக்கும் நாடக வழக்கும் சேர்ந்த புலனெறி வழக்கமாகவே அது கூறப்படுகிறது. புலவர் மரபு ஏற்றுக்கொண்ட உடன்பாடே உரிப்பொருளை நிலைநிறுத்துகிறது. அது வரலாற்றில் பிறந்தது, வரலாற்றில் மாறக்கூடியது. ஆனால் நடைமுறையில் இருக்கும்வரை வாசிப்பை நெறிப்படுத்துகிறது. ஆகவே உரிப்பொருளைப் பேசுவதற்கு மாறாத சாரத்தை நம்பவேண்டியதில்லை. ரீடரின் வரலாற்றுணர்வையும் கைவிடவேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு கடுமையானது: காரணம் என்பதை யாருடைய அறிவு தீர்மானிக்கிறது? ஆய்வுகூடம் சொல்வதே விஞ்ஞானமெனில், நிலாவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் கடற்றொழில் செய்வோரின் அறிவு எங்கே நிற்கும்? சோழகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும், எந்த நீரோட்டத்தில் கரைவலை வளைப்பது என்பதெல்லாம் தலைமுறைகளாகச் சோதிக்கப்பட்டுத் திருத்தப்பட்ட அறிவு. இங்கே முன்வைத்த மூன்று வினாக்களும் நிறுவனத்தைப் பார்ப்பதில்லை. எவருக்கும் ஒரேபடி தொழிற்படும் காரணமா என்று மட்டுமே கேட்கின்றன. கடற்றொழிலாளரின் காற்றறிவு அதில் தேறும். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு இத்திசையில் முக்கியமானது. மரபறிவுகளை வணங்காமலும் எள்ளாமலும் வினவும் கதைகள் அதில் உள்ளன. ஆய்வுகூடக் கருவி எதுவும் இல்லாமலேயே விஞ்ஞானப் புனைகதை எழுதமுடியும் என்பதற்கு அது சான்று.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. காரணத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாத படைப்புகளும் இவ்வகைமையில் போற்றப்படுகின்றனவே? ரே பிராட்பரியின் 'தி மார்ஷியன் குரோனிக்கிள்ஸ்' (1950) செவ்வாயின் காற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் மூன்றாம் வினாவை, அதாவது விளைவையும் விலையையும், அது விடாமல் கேட்கிறது: குடியேறிகள் வந்தபின் அங்கிருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் எப்படிச் சிந்திக்கிறது என்பதற்கு முழு விளக்கம் கிடையாது. ஆனால் மக்கள் வணங்கும் ஜீவா என்ற ஆட்சியாளரின் மெய் என்ன என்ற வினா கதையைக் கடைசிவரை இழுத்துச் செல்கிறது; வணக்கத்துக்குரிய வியப்பு விசாரணைக்குரியதாக மாறுகிறது. மூன்று வினாக்களும் ஒரே அழுத்தத்தோடு வரவேண்டியதில்லை. எது மேலோங்குகிறது என்பதால் உட்பிரிவுகள் அமையும். மூன்றுமே அடைபட்டுப் போன இடத்தில், விண்கலம் பறந்தாலும், நாம் வேறொரு திணைக்குள் வந்துவிட்டோம்.

6. நிறைவாக

இவ்வரையறையைச் சுங்கச்சாவடியாகப் பயன்படுத்தும் நோக்கம் இக்கட்டுரைக்கு இல்லை. எது உள்ளே, எது வெளியே என்று பட்டியலிடுவதில் இலக்கியத்துக்குப் பயன் குறைவு. ஒரு படைப்பில் எங்கே வினா எழுகிறது, எங்கே அடைபடுகிறது, மயங்கிய கருப்பொருள்கள் உரிப்பொருளுக்கு எப்படி உதவுகின்றன என்று வாசிக்கக் கற்றுத்தருவதே வரையறையின் வேலை.

திருகோணமலையைப் பொறுத்தவரை இன்னொரு கடமையும் எஞ்சியிருக்கிறது. 'தி ஷைனிங் வன்ஸ்' கதையில் நம் கடலின் எதிர்காலத்தை வகுப்பவர்கள் சோவியத்துப் பொறியியலாளர்கள். அதைச் செப்பனிட இறங்குபவர் சுவிஸ்காரர். ஆழத்தைத் தந்த ஊருக்கு அக்கதையின் வினாக்களில் பங்கில்லை. இது கிளார்க்கின்மீது சுமத்தும் குற்றமன்று; அவர் தாம் அறிந்த உலகிலிருந்து எழுதினார். வெற்றிடம் நம் பக்கத்தில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பானிய விமானங்கள் குண்டுவீசிய துறைமுகம் இது. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களுக்காக இன்றும் நாடுகள் பேச்சுவார்த்தை நடத்தும் ஊர் இது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையையும் அதற்கு முன்னும் பின்னும் நெடும்போரையும் கண்ட கரை இது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடலில் வலைவீசும் மாவட்டம் இது. கடல்வெப்பம் இன்னும் உயர்ந்தால் மீன் எங்கே போகும், துறைமுகம் யாருக்குச் சொந்தமாகும், இடம்பெயர்ந்தோரின் காணிகள் ஐம்பது ஆண்டுகளின்பின் எந்த வரைபடத்தில் இருக்கும் என்ற வினாக்களை இவ்வூர் மக்கள் அன்றாடம் கேட்கின்றனர்.

நாளை என்ன நேரும் என்பதைப் பிறர் சொல்லக் கேட்டே இக்கரை நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது. வாயிற்கல் சொன்னது, பேரரசுகள் சொன்னன, திட்ட வரைபடங்கள் சொல்கின்றன. அந்த நாளைக்குக் காரணம் கேட்கவும் விலை கேட்கவும் உரிய இலக்கிய வகைமை தமிழில் ஏற்கெனவே உண்டு. அதைக் கேளிக்கை என ஒதுக்காமல் பாடத்திட்டத்திலும் ஆய்விதழிலும் இடமளித்து, இக்கடலை அறிந்தவர்கள் எழுதுவதற்கு வழிசெய்வது விமர்சகரின் பொறுப்பு.